ஆட்டோமேட்டிக் காரின் நியூட்ரல் ஸ்விட்ச்: கழற்றுவது, மாட்டுவது, செட் செய்வது

சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஹாரன் கணீரென்று அடிக்கிறது, ஸ்டார்ட்டரிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. கியர் லீவரைப் 'பார்க்' நிலையிலிருந்து நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுத் திருப்பினால் இன்ஜின் உடனே பிடித்துக்கொள்கிறது. இதை "பேட்டரி வீக்" என்று முடிவுகட்டிப் புது பேட்டரி வாங்கிப் போட்டு, மறுவாரம் அதே இடத்தில் நிற்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் கோளாறு இருப்பது கியர்பாக்ஸ் மேல் உட்கார்ந்திருக்கும் கையளவு ஸ்விட்ச் ஒன்றில்.

கடைகளில் இதை நியூட்ரல் ஸ்விட்ச் என்று கேட்பார்கள். ஹூண்டாய் பக்கம் இன்ஹிபிட்டர் ஸ்விட்ச் என்பார்கள். புதிய கார்களில் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் கியர் பொசிஷன் சென்சார் என்றோ ரேஞ்ச் சென்சார் என்றோ வரும். எல்லாம் ஒரே வேலைதான். கழற்றி மாட்டுவது கஷ்டமே இல்லை. மாட்டிய பிறகு அதைச் சரியான இடத்தில் செட் செய்வதில்தான் முழு வேலையும் இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான்.

எடுத்துக்காட்டுக்கு 2000-களில் வந்த டொயோட்டா கொரோலாவை எடுத்துக்கொள்கிறேன். இலங்கையில் எல்லோரும் '121' என்றே சொல்லும் 1.5 லிட்டர் கொரோலாவில் இருப்பது யு340இ என்ற நான்கு வேக கியர்பாக்ஸ், 1.8 லிட்டர் இன்ஜினோடு வருவது அதன் அண்ணன் யு341இ. மலேசியாவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டொயோட்டா வயோஸிலும் இதே குடும்பம்தான். வேறு கம்பெனி காரென்றால் முறையில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஸ்விட்ச் என்ன செய்கிறது

கியர்பாக்ஸிலிருந்து ஒரு தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் உள்ளே உட்கார்ந்து லீவரை நகர்த்தும்போது, கேபிள் வழியாக ஒரு சின்ன இரும்பு லீவர் அசைந்து அந்தத் தண்டைத் திருப்புகிறது. தண்டின் உள்முனை வால்வை நகர்த்தி, ஆயில் பிரஷர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. அதே தண்டில், கியர்பாக்ஸுக்கு வெளியே கோத்திருப்பதுதான் நம் ஸ்விட்ச். தண்டு திரும்பத் திரும்ப அதற்குள் இருக்கும் தொடுமுனைகள் ஒவ்வொன்றாக இணைந்து பிரியும்.

பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட்டர் ரிலேவுக்கான மின்சாரத்தை விடும். ரிவர்ஸில் பின்பக்க வெள்ளை விளக்கை எரியவைக்கும். லீவர் எங்கே இருக்கிறது என்பதை இன்ஜின் கணினிக்கும் மீட்டருக்கும் சொல்லும்.

ஆக, தண்டு உண்மையில் நிற்கும் இடமும் ஸ்விட்ச் சொல்லும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்விட்ச் தேய்ந்தாலோ, தண்ணீர் புகுந்து பச்சை பிடித்தாலோ, போல்ட் தளர்ந்து கொஞ்சம் திரும்பிவிட்டாலோ இரண்டும் பொருந்தாமல் போகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வழியில் வண்டி நின்றுவிட்டால் "ஸ்விட்சை விட்டுட்டு ரெண்டு வயரை டைரக்ட் பண்ணிடலாம் சார், வண்டி ஓடும்" என்று யாராவது சொல்வார்கள். வண்டி ஓடும், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு லீவர் டிரைவில் இருந்தாலும் ரிவர்ஸில் இருந்தாலும் சாவியைத் திருப்பினால் இன்ஜின் பிடித்து, கார் அப்படியே பாயும். வீட்டு வாசலில் நிற்கும் காரில் சாவியோடு விளையாடும் குழந்தை, கார் முன்னால் பூ கட்டிக்கொண்டிருக்கும் பாட்டி: அவர்களுக்கு நடுவில் இருக்கும் ஒரே காவல் இந்த ஸ்விட்ச்தான். டைரக்ட் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே யாராவது கொடுத்திருந்தால் முதலில் அதை எடுங்கள்.

வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்

அறிகுறிகள் இவை: பார்க்கில் ஸ்டார்ட் ஆகாமல் நியூட்ரலில் ஆவது, லீவரைக் கொஞ்சம் ஆட்டினால் மட்டும் ஸ்டார்ட் ஆவது, மீட்டரில் கியர் எழுத்து அணைந்து எரிவது அல்லது இரண்டு எழுத்து ஒன்றாக எரிவது, ரிவர்ஸ் விளக்கு சில நேரம் எரியாமல் இருப்பது. ஸ்கேனர் போட்டால் பெரும்பாலும் பி0705 என்ற பிழைக் குறியீடு வரும். டொயோட்டாவில் அதன் பொருள், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கியர் சிக்னல் கணினிக்கு வருகிறது என்பது. பி0706, பி0850 வந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இதே அறிகுறிகளைக் காட்டும் வேறு கோளாறுகளும் உண்டு. பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பூப் பிடித்திருக்கலாம். ரிவர்ஸ் பல்பே போயிருக்கலாம். புஷ் ஸ்டார்ட் காரில் பிரேக் பெடல் ஸ்விட்ச் கெட்டுப்போனாலும் ஸ்டார்ட் ஆகாது. பெடலை மிதிக்கும்போது பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றைவிட முக்கியமானது ஷிப்ட் கேபிள். கேபிள் நீண்டிருந்தாலோ அதன் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் வளையமான புஷ் தேய்ந்திருந்தாலோ, உள்ளே லீவர் பார்க் என்று காட்டும்; கியர்பாக்ஸில் தண்டு பார்க் வரை போய்ச் சேர்ந்திருக்காது. அப்போது ஸ்விட்ச் சொல்வதுதான் உண்மை, அதை மாற்றிப் பயனில்லை.

மல்டிமீட்டர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஸ்விட்சின் கனெக்டரைக் கழற்றி, ஸ்விட்ச் பக்கத்து முனைகளில் ஸ்டார்ட்டருக்கான ஜோடியைக் கண்டுபிடியுங்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் பீப் அடிக்கும் ஜோடிதான் அது. அந்த இரண்டு நிலையிலும் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மற்ற நிலைகளில் தொடர்பே இருக்கக் கூடாது. எண் தாவித் தாவி வந்தாலோ, லீவரை லேசாகத் தொட்டதும் மாறினாலோ உள்ளே தொடுமுனை போய்விட்டது.

கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சரிசெய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கனெக்டர் முனைகளில் அடிக்கலாம், அது நல்லதே. ஸ்விட்சைப் பிரித்து உள்ளே சுத்தம் செய்வது சில மாதம் தாங்கலாம். உயிரைக் காக்கும் பாகத்தில் அந்தச் சிக்கனம் எனக்குச் சம்மதமில்லை.

பாகம் வாங்கும்போது

டொயோட்டாவின் பாக எண் 84540 என்று தொடங்கும். அதற்குப் பின்னால் வரும் ஐந்து இலக்கம் காருக்குக் கார் மாறும் என்பதால், சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். பழையதைக் கழற்றி எடுத்துப்போய்க் கனெக்டரின் வடிவத்தையும் போல்ட் போடும் காதுகளின் இடைவெளியையும் ஒப்பிடுவது இன்னும் நல்லது. லாக் வாஷரும் புதிதாக வாங்குங்கள்; அதன் நாக்குகளை ஒருமுறை மடக்கி நிமிர்த்திவிட்டால் அடுத்த முறை ஒடியும்.

சென்னை புதுப்பேட்டையிலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் பழைய கார்களிலிருந்து கழற்றிய ஸ்விட்ச் மலிவாகக் கிடைக்கும். கதவுக் கைப்பிடியோ ஹெட்லைட்டோ அங்கே வாங்கலாம். இதை வாங்க வேண்டாம். தேய்மானம் உள்ளே இருப்பதால் கண்ணால் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அதிலும் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் மாதிரி நேரங்களில் மூழ்கிய கார்களிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

தயாரிப்பு

பாக்ஸ் ஸ்பேனர் செட்டில் 10-உம் 12-உம் கட்டாயம் வேண்டும். தட்டை முனை ஸ்க்ரூடிரைவர், மெல்லிய எமரி பேப்பர், துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே, சுத்தமான துணி, ஒரு பெயின்ட் மார்க்கர். குறித்த அளவு விசையில் முறுக்க உதவும் டார்க் ரென்ச் விஷயத்தில் கவனம்: சக்கர நட்டுக்குப் பயன்படுத்தும் பெரிய ரென்ச் இங்கே உதவாது, இந்த போல்ட்டுகளுக்குத் தேவைப்படும் குறைந்த அளவு அதன் அளவுகோலிலேயே இருக்காது. கால் அங்குல டிரைவ் கொண்ட சின்ன ரென்ச்சை இரவல் வாங்கியாவது வையுங்கள்.

சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். இந்த வேலை முழுக்க கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்கும். பார்க்கின் பூட்டு இருக்காது. இன்ஜின் ஆறட்டும். பிறகு இக்னிஷனை ஆன் செய்து, பிரேக்கை மிதித்து, லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஆஃப் செய்யுங்கள். பார்க்கில் இல்லாததால் சாவி வெளியே வராது, பயப்பட வேண்டாம். பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள், அடுத்து பிளஸ்.

கொரோலாவில் கியர்பாக்ஸ் இருப்பது காரின் இடது பக்கம், பேட்டரிக்கு நேர் கீழே. பேட்டரியையும் அதன் தட்டையும் தூக்கிவிட்டால் பாதி வழி திறந்துவிடும். ஏர் கிளீனர் பெட்டியையும் எடுத்துவிட்டால் கை தாராளமாகப் போகும். பத்து நிமிடம் மிச்சம் பிடிப்பதற்காக அதை விட்டுவைத்துவிட்டு, ஸ்விட்சில் இருக்கும் செட்டிங் கோடு பார்வைக்கு எட்டாமல் தடவித் தடவிச் செட் செய்பவர்கள்தான் பிறகு மறுபடி கழற்றுகிறார்கள்.

கழற்றுவது

எதையும் தொடும் முன் போனில் நாலைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்: லீவர் எந்தப் பக்கம் பார்க்கிறது, கேபிள் எப்படி வருகிறது, கனெக்டர் பூட்டு எங்கே. பழைய ஸ்விட்சின் விளிம்பிலிருந்து கியர்பாக்ஸ் உடல்மேல் படும்படி ஒரு கோடும் பெயின்ட் மார்க்கரால் போட்டுவிடுங்கள். இறுதி செட்டிங்குக்கு அது ஆதாரமாகாது, ஆனால் தொடங்கும் இடத்தைக் காட்டும்.

கனெக்டரின் பூட்டை அழுத்தி, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளே எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கேபிளை கியர்பாக்ஸ் மேல் இருக்கும் இரும்பு லீவரோடு பிடித்திருக்கும் நட்டைக் கழற்றிக் கேபிளை ஓரமாக வையுங்கள்.

இப்போது லீவரைத் தண்டோடு பிடித்திருக்கும் நட்டு. இதைத் தளர்த்தும்போது இன்னொரு கையால் லீவரை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் ஸ்பேனரை அழுத்தினால் அந்த விசை முழுவதும் தண்டு வழியாக உள்ளே இருக்கும் மெல்லிய பாகங்கள் மேல் இறங்கும். நட்டு வந்ததும் வாஷரையும் லீவரையும் எடுங்கள்.

லீவருக்கு அடியில் இன்னொரு நட்டு தெரியும். லாக் வாஷரின் நாக்குகள் அதன் மேல் மடங்கி இருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் நாக்குகளை நிமிர்த்தி, நட்டையும் வாஷரையும் எடுங்கள். மிச்சம் ஸ்விட்சின் இரண்டு காதுகளில் இருக்கும் இரண்டு போல்ட்டுகள். அவற்றையும் எடுத்துவிட்டால் ஸ்விட்ச் தண்டின் வழியே நேராக வெளியே வர வேண்டும்.

வரவில்லையென்றால் தண்டில் துரு. கடலோர ஊர் கார்களில் இது சகஜம். அடியில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பாதீர்கள்; கியர்பாக்ஸ் உடல் அலுமினியம், வடு விழும். துரு ஸ்ப்ரே அடித்துக் கால் மணி நேரம் விட்டு, ஸ்விட்சை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்டி இழுங்கள். ஸ்விட்ச் வந்த பிறகு தண்டின் வெளிப்பகுதியை எமரியால் லேசாகத் தேய்த்துத் துடையுங்கள். துகள், தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ஆயில் சீல் பக்கம் போகாமல் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

தண்டைச் சுற்றி ஈரமாக, சிவப்பு ஆயில் கசிந்திருந்தால் நில்லுங்கள். தண்டின் ஆயில் சீல் போய்விட்டது. பழைய ஸ்விட்ச் கெட்டதற்கே அதுதான் காரணமாக இருக்கலாம். சீலை மாற்றாமல் புது ஸ்விட்சைப் போட்டால் அதுவும் ஆயிலில் ஊறும்.

மாட்டி, செட் செய்வது

புது ஸ்விட்சைத் தண்டில் கோத்து, இரண்டு போல்ட்டையும் கையால் மட்டும் திருகுங்கள். ஸ்விட்ச் திரும்ப முடிய வேண்டும், ஆடக் கூடாது. புது லாக் வாஷரை வைத்து, நட்டை 6.9 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, நாக்குகளை மடக்குங்கள்.

லீவரைத் தற்காலிகமாகத் தண்டில் வையுங்கள். அதைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நிற்கும்வரை திருப்புங்கள், அது பார்க். அங்கிருந்து கடிகாரத் திசையில் இரண்டு சொடுக்கு. முதல் சொடுக்கு ரிவர்ஸ், இரண்டாவது நியூட்ரல். ஒவ்வொன்றும் 'டக்' என்று கைக்குத் தெரியும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: மறுகோடிக்கு, எல் நிலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து எண்ணிக்கொண்டே திரும்பி வாருங்கள். 2, டிரைவ், நியூட்ரல் என்று மூன்று சொடுக்கு. பார்க்கிலிருந்து இரண்டு, எல்லிலிருந்து மூன்று. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றால் தண்டு நியூட்ரலில்தான் இருக்கிறது. இந்த எண்ணிக்கையை அவசரமாகச் செய்யாதீர்கள். இங்கே ஒரு சொடுக்கு தவறினால் பிறகு செய்யும் எல்லாமே தவறு.

லீவரை, தண்டு அசையாமல், மெல்ல எடுங்கள். ஸ்விட்சின் முகத்தில் நியூட்ரலுக்கான ஒரு கோடு பதிக்கப்பட்டிருக்கும். நடுவில் தண்டோடு சேர்ந்து திரும்பும் பாகத்தில் ஒரு பள்ளம் இருக்கும். ஸ்விட்சின் உடலைத் திருப்பி, அந்தக் கோடும் பள்ளமும் ஒரே நேர்கோட்டில் வரச் செய்யுங்கள். டார்ச் அடித்து, முகத்தை நேர் எதிரே கொண்டுபோய்ப் பாருங்கள். சாய்வாகப் பார்த்தால் ஒரு மி.மீ. ஏமாற்றிவிடும்.

ஒரு கையால் ஸ்விட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, 5.4 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். இது மிகக் குறைந்த அளவு. கையின் பழக்கத்துக்கு முறுக்கினால் காது உடையும். முறுக்கி முடித்ததும் மறுபடி கோட்டைப் பாருங்கள். கடைசிச் சுற்றில் போல்ட் தலை ஸ்விட்சையும் சேர்த்து இழுத்துப்போவது எப்போதும் நடப்பதுதான். நகர்ந்திருந்தால் தளர்த்தி மறுபடி செய்யுங்கள். பிறகு லீவர், வாஷர், நட்டு. நட்டுக்கு 13 நியூட்டன் மீட்டர், இப்போதும் லீவரை மறு கையால் பிடித்தபடி.

கோடு அழிந்துபோன ஸ்விட்சை மறுசெட் செய்வதாக இருந்தால் மல்டிமீட்டரே கோடு. தண்டு நியூட்ரலில் இருக்க, ஸ்டார்ட்டர் ஜோடியில் மீட்டரை மாட்டி, ஸ்விட்சை ஒரு பக்கம் மெல்லத் திருப்புங்கள். பீப் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி. மறுபக்கம் திருப்பி, நிற்கும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் சரிபாதியில் நிறுத்தி முறுக்குங்கள்.

கேபிள்

கேபிளை மாட்டும்போது கேபினில் இருக்கும் லீவரும் தண்டும் இரண்டும் நியூட்ரலில் இருக்க வேண்டும். கேபினில் ஒருவர் உட்கார்ந்து லீவரை நியூட்ரலில் வைத்து, ரிவர்ஸ் பக்கம் லேசாக அழுத்திப் பிடித்திருக்க, நீங்கள் கேபிள் நட்டை முறுக்குங்கள். அந்த லேசான அழுத்தம் கேபிளின் தொய்வை எடுத்துவிடும். முனையின் புஷ் வெடித்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கனெக்டரைச் சொருகி, ஏர் கிளீனர், தட்டு, பேட்டரி எல்லாவற்றையும் திரும்ப வைத்து, பிளஸை முதலிலும் மைனஸை அடுத்தும் மாட்டுங்கள். கடிகாரமும் ரேடியோவும் அழிந்திருக்கும். முதல் சில நிமிடம் இன்ஜினின் ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கலாம், தானே சரியாகும்.

சோதனை

முட்டுக்கட்டைகளை எடுக்காதீர்கள். காருக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்க வேண்டாம். பிரேக்கை முழுவதுமாக மிதித்தபடியே சோதியுங்கள்.

பார்க்கில் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஆஃப் செய்து, நியூட்ரலில் ஆக வேண்டும். பிறகு ரிவர்ஸ், டிரைவ், 2, எல் ஒவ்வொன்றிலும் சாவியைத் திருப்புங்கள்: ஸ்டார்ட்டர் அசையவே கூடாது. பலர் முதல் இரண்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு எழுந்துவிடுகிறார்கள். ஸ்டார்ட் ஆகக் கூடாத நாலு இடங்களைச் சோதிப்பதுதான் உண்மையான சோதனை. ஒன்றில் ஸ்டார்ட் ஆனாலும் வண்டியை எடுக்காமல் மறுபடி செட் செய்யுங்கள். பார்க்கில் ஆகிறது, நியூட்ரலில் ஆகவில்லை, அல்லது நேர்மாறாக என்றால் ஸ்விட்ச் ஒரு பக்கம் கொஞ்சம் திரும்பி நிற்கிறது. மேலே சொன்ன மல்டிமீட்டர் முறையில் பாதியைப் பிடித்தால் சரியாகிவிடும்.

ரிவர்ஸ் விளக்கு ரிவர்ஸில் மட்டும் எரிகிறதா, மீட்டரில் ஒவ்வொரு எழுத்தும் லீவரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். அதே குறியீடு திரும்ப வந்தால் ஸ்விட்சை விட்டுவிட்டு, கனெக்டரிலிருந்து போகும் வயர்களைப் பாருங்கள். பேட்டரி தட்டுக்கு அடியில் உரசி அல்லது எலி கடித்து அறுந்திருப்பது உண்டு.

மற்ற கார்கள்

ஹூண்டாயின் பழைய நான்கு வேக ஆட்டோமேட்டிக்குகளில் கோடு, பள்ளம் எதுவும் இல்லை. நியூட்ரலில் வைத்து, இரும்பு லீவரின் முனையில் இருக்கும் துளையும் ஸ்விட்ச் விளிம்பில் இருக்கும் துளையும் நேராக வரும்படி ஒரு கம்பியைச் செருகிவிட்டு முறுக்க வேண்டும். போல்ட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவைவிட இரு மடங்கு. நிசானிலும் அதே மாதிரி, 4 மி.மீ. பின் செருகுவார்கள். ஹோண்டாவில் 2 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் தகட்டை) பள்ளத்தில் நுழைத்து நியூட்ரலைப் பூட்டுவார்கள். துளையில் செருகிய கம்பியை முறுக்கி முடித்ததும் எடுக்க மறக்காதீர்கள்.

மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும், மாருதியின் ஏஜிஎஸ் போன்ற ஏஎம்டி கார்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றில் கியர் போடும் ஆக்சுவேட்டரே வேறு. சில ஆறு வேக ஆட்டோமேட்டிக்குகளில் இந்த சென்சார் கியர்பாக்ஸுக்கு உள்ளே, ஆயிலில் மூழ்கி இருக்கும். அதற்கு ஆயிலை வடித்து மூடியைக் கழற்ற வேண்டும், மாற்றிய பிறகு ஸ்கேனரால் கணினிக்குப் புது நிலையைக் கற்றுக்கொடுக்கவும் வேண்டியிருக்கலாம். அந்தக் காரை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளாமல், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பழகிய பட்டறையில் விடுங்கள்.